பூட்டிய வீடும் ஓடும் மீட்டரும்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், டொரன்டோ நகருக்கு வடக்கே உள்ள மஸ்கோகா ஏரிப் பகுதி கோடை வீடுகளுக்குப் பெயர்பெற்றது. மே மாதம் விக்டோரியா தின விடுமுறையில் வீடுகளைத் திறப்பார்கள். அக்டோபரில் நன்றியறிதல் நாள் விடுமுறை முடிந்ததும் பூட்டிவிட்டு நகரத்துக்குத் திரும்புவார்கள். இடைப்பட்ட ஏழு மாதம் அங்கே சமையல் இல்லை, குளியல் இல்லை, விளக்கு எரிவதும் இல்லை. ஆனாலும் ஜனவரி மாத மின்கட்டணம், வீடு நிறைய ஆட்கள் இருந்த ஜூலை மாதக் கட்டணத்தை மிஞ்சிவிடுவது அங்கே அடிக்கடி நடக்கிறது. நார்வேயில் 4 லட்சத்துக்கும் அதிகமான விடுமுறைக் குடில்கள் உள்ளன. அவற்றின் உரிமையாளர்களுக்கும் இது பழகிய தொல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் காலம்தான் மாறுகிறது: அங்கே கோடையில் வீட்டைப் பூட்டுகிறார்கள், கோடையில்தான் கட்டணம் ஏறுகிறது.

ஆளில்லாத வீட்டுக்கு ஏன் இத்தனை கட்டணம் என்று கேட்பவர்கள், மின்சாரத்தைச் செலவழிப்பது மனிதர்கள்தான் என்று எண்ணிக்கொண்டு கேட்கிறார்கள். வீட்டில் உள்ள கருவிகளில் பாதிக்குத்தான் அது பொருந்தும். மிக்சி, இஸ்திரிப்பெட்டி, தொலைக்காட்சி எல்லாம் கைபட்டால்தான் ஓடும். ஹீட்டர், குளிர்சாதனம், வெந்நீர்த் தொட்டி, தண்ணீர் பம்ப் ஆகியவை அப்படியல்ல. வெப்பநிலை, நீரின் அழுத்தம், காற்றின் ஈரம் ஆகியவற்றில் ஒன்றை அளந்து, அந்த அளவு மாறும்போது தாமாகவே ஓடத் தொடங்கும் கருவிகள் அவை. வீட்டின் பெரும் மின்செலவு இந்த இரண்டாவது வகையில்தான் இருக்கிறது. கதவைப் பூட்டியது அவற்றுக்குத் தெரியாது.

வாட்டும் மணியும்

மீட்டர் அளப்பது யூனிட். 1,000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். திறனும் நேரமும் பெருகித்தான் கணக்கு ஆகிறது என்பதை எல்லோரும் அறிவார்கள்; ஆனால் திறன் கண்ணை உறுத்தும் அளவுக்கு நேரம் உறுத்துவதில்லை. 1,000 வாட் இஸ்திரிப்பெட்டியை வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் பயன்படுத்தினால் மாதத்துக்கு 4 யூனிட் சொச்சம். மூலையில் சத்தமின்றி 25 வாட் இழுத்துக்கொண்டிருக்கும் ஒரு பெட்டி 30 நாளில் 18 யூனிட்டை விழுங்கிவிடும். நிற்காமல் ஓடும் 1 கிலோவாட் கருவிக்கு நாளொன்றுக்கு 24 யூனிட், மாதத்துக்கு 720 யூனிட். இந்தக் கடைசி எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பூட்டிய வீட்டில் மாதம் 700 யூனிட் ஓடியிருந்தால், சராசரியாக ஒரு கிலோவாட் இரவும் பகலும் எங்கோ போய்க்கொண்டிருந்தது என்று பொருள். தேடவேண்டிய பொருளின் அளவு அதிலேயே தெரிந்துவிடுகிறது.

குளிரைத் தடுக்கும் செலவு

வட நாடுகளில் பூட்டிய வீட்டையும் சூடாக வைத்திருப்பதற்குக் காரணம் தண்ணீர். உறையும்போது தண்ணீரின் பருமன் ஏறக்குறைய 9 சதவீதம் கூடுகிறது. குழாய்க்குள் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டால், அந்த அடைப்புக்கும் மூடிய குழாய்வாய்க்கும் நடுவே சிக்கிய தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. பனிக்கட்டி வளர வளர அந்தத் தண்ணீரின் அழுத்தம் ஏறி, குழாய் வெடிக்கிறது. வெடிப்பு பெரும்பாலும் பனிக்கட்டி இருக்கும் இடத்தில் நேர்வதில்லை. அழுத்தம் ஏறிய பகுதியில் எது பலவீனமோ அங்கே நேர்கிறது. 1990-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில், காப்புறை இல்லாத குழாய்களுக்கு வெளி வெப்பநிலை ஏறக்குறைய மைனஸ் 7 டிகிரி செல்சியஸைத் தொடும்போது ஆபத்து தொடங்குவதாகத் தெரிந்தது. மஸ்கோகாவில் ஜனவரி மாதச் சராசரியே மைனஸ் 10 டிகிரியை ஒட்டி நிற்கும். அதனால் தண்ணீரை வடிக்காமல் வீட்டைப் பூட்டுபவர்கள் ஹீட்டரை 5 முதல் 10 டிகிரிக்குள் ஏதோ ஓர் அளவில் வைத்துவிட்டுப் போகிறார்கள். 'குறைவாகத்தானே வைத்திருக்கிறோம், பெரிதாகச் செலவாகாது' என்பது அவர்களுடைய கணிப்பு.

அந்தக் கணிப்பு தவறுவதற்குக் காரணம் எளிய ஒரு விதி. வீட்டிலிருந்து வெளியேறும் வெப்பம் உள் வெப்பநிலையை மட்டும் பொறுத்ததல்ல. உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேறுபாட்டைப் பொறுத்தது. அடியில் ஓட்டை உள்ள பானையில் நீர்மட்டம் குறையாமல் இருக்க எவ்வளவு ஒழுகுகிறதோ அவ்வளவு ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஹீட்டர் செய்வதும் அதே வேலை.

மரத்தால் கட்டிய நடுத்தர அளவுப் பழைய வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் அது 150 வாட் வெப்பத்தை இழப்பதாகக் கொள்வோம். வெளியே மைனஸ் 10. ஆட்கள் இருக்கும்போது உள்ளே 20 டிகிரி என்றால் வேறுபாடு 30 டிகிரி. இழப்பு 4,500 வாட். மாதத்துக்கு 3,240 யூனிட். பூட்டிவிட்டு 7 டிகிரியில் வைத்தால் வேறுபாடு 17 டிகிரி. இழப்பு 2,550 வாட். மாதத்துக்கு 1,836 யூனிட். வெப்பநிலையை 20-இலிருந்து 7-க்கு இறக்கியதும் செலவு மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்று தோன்றுகிறது. உண்மையில் பாதிக்கு மேல், 57 சதவீதம், அப்படியே நிற்கிறது. பூச்சியம் டிகிரி என்பது தெர்மோமீட்டரில் ஒரு குறி மட்டுமே. வீட்டின் வெப்ப இழப்பு வெளிக் காற்றின் மைனஸ் பத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறது.

கடுங்குளிர் அலை வந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். 2014 ஜனவரியில், வடதுருவத்தைச் சுற்றும் குளிர்காற்றான துருவச் சுழல் தெற்கே சரிந்து வட அமெரிக்காவின் பெரும்பகுதியை உறையவைத்தது. அப்படிப்பட்ட நாட்களில் வெளியே மைனஸ் 25 ஆனால், அதே வீட்டுக்கு 7 டிகிரியைக் காக்கவே நாளொன்றுக்கு 115 யூனிட் தேவை. பத்து நாள் குளிர் அலை ஒரு மாதக் கணக்கையே புரட்டிப்போடப் போதுமானது. சென்ற ஆண்டு இதே மாதத்தில் இவ்வளவு வரவில்லையே என்று ஒப்பிடுபவர்கள் இரண்டு ஆண்டின் வெப்பநிலையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவேண்டும்.

தெர்மோஸ்டாட்டின் துல்லியமும் இங்கே கணக்கில் சேர்கிறது. பழைய சுவர் ஹீட்டர்களில் இருப்பது இரண்டு உலோகப் பட்டைகள் ஒட்டிய எளிய அமைப்பு; இரண்டு மூன்று டிகிரி தவறுவது அதற்குச் சாதாரணம். குறி 7-இல் நிற்க, அறை 10-இல் இருந்தால், நம் எடுத்துக்காட்டு வீட்டுக்கு அந்த மூன்று டிகிரியின் விலை மாதம் 324 யூனிட். தரைக்கடியில் காற்று புகும்படி தூண்கள்மேல் நிற்கும் வீடு, மூடாமல் விட்ட புகைபோக்கி மடை, எலிகள் துளைத்த காப்புப் பஞ்சு, காற்றில் திறந்துகொண்ட ஒரு ஜன்னல் ஆகியவை ஒவ்வொன்றும் அந்த 150 வாட்டை 200-ஆக, 250-ஆக உயர்த்தும். ஆள் இருந்தால் குளிர் உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆள் இல்லாத வீட்டில் ஹீட்டர் மட்டும் அதை உணர்ந்து, புகார் சொல்லாமல் ஈடுகட்டிக்கொண்டிருக்கும்.

மறைந்திருக்கும் ஹீட்டர்கள்

வீட்டுக்குள் தெரியும் ஹீட்டர்களைத் தவிர, மறைவான இடங்களிலும் சில இருக்கின்றன. கிணற்றிலிருந்து வீட்டுக்கு வரும் குழாய் உறையாமலிருக்க அதைச் சுற்றி மின்சூட்டுக் கம்பி கட்டுவது வழக்கம். ஒரு மீட்டர் நீளத்துக்கு 10 முதல் 25 வாட் வரை அது எடுக்கும். 20 வாட் வகையில் 20 மீட்டர் என்றால் 400 வாட், நாளுக்கு 9.6 யூனிட்; மாதத்துக்கு 288. குளிர்ந்தால் மட்டும் சூடாகும் தற்கட்டுப்பாட்டுக் கம்பிகள் 1970-களிலிருந்து கிடைக்கின்றன. ஆனால் அவையும் மின்தொடர்பில் உள்ளவரை கொஞ்சம் எடுத்துக்கொண்டேதான் இருக்கும். பழைய நிலைத்திறன் கம்பிக்கோ கோடை, குளிர் என்ற வேறுபாடே கிடையாது. ஜூன் மாதத்திலும் செருகியே இருக்கும் சூட்டுக் கம்பி, ஏரிக்கரை வீடுகளில் மிகச் சாதாரணமாகக் கண்டுபிடிக்கப்படும் குற்றவாளி.

படகுத்துறைக்கு வேறொரு பாதுகாப்பு. ஏரி உறையும்போது பனிக்கட்டி மரத்தூண்களைப் பிடித்து முறித்துவிடும். அதைத் தடுக்க, தண்ணீருக்கடியில் சிறு மோட்டாரைத் தொங்கவிட்டு அடிநீரை மேலே தள்ளுகிறார்கள். தண்ணீர் 4 டிகிரியில் அதிகபட்ச அடர்த்தி அடைவதால் ஏரியின் அடியில் உள்ள நீர் மேற்பரப்பைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருக்கும். அது மேலே வந்துகொண்டே இருந்தால் துறையைச் சுற்றிப் பனி பிடிக்காது. அழகான ஏற்பாடுதான். ஆனால் 600 வாட் மோட்டார் இடைவிடாமல் சுற்றினால் மாதம் 432 யூனிட். வெளிக்குளிரைப் பார்த்து ஓடவும் நிற்கவும் செய்யும் கட்டுப்பாடோ, நேரக்கட்டுப்பாட்டு ஸ்விட்சோ இணைத்தால் அதில் பெரும்பகுதி மிச்சமாகும்.

தண்ணீர் ஒழுகினால் மின்சாரமும் ஒழுகும்

வெந்நீர்த் தொட்டியை அணைக்காமல் போனால், யாரும் ஒரு சொட்டு எடுக்காவிட்டாலும் அதன் சுவர் வழியே வெப்பம் கசியும். நல்ல தொட்டிக்கு நாளொன்றுக்கு ஒன்றிரண்டு யூனிட், பழையதற்கு இன்னும் கொஞ்சம். இது பொறுக்கக்கூடிய இழப்பு. வெந்நீர்க் குழாயில் கசிவு விழுந்தால் கதை வேறு. மணிக்கு 10 லிட்டர் என்பது நூல்போல ஒழுகும் மெல்லிய தாரை. குழாயடியில் நின்றால்கூடக் கவனத்தில் படாது. ஆனால் 5 டிகிரியில் வரும் கிணற்று நீரை 60 டிகிரிக்குச் சூடாக்க லிட்டருக்கு ஏறக்குறைய 230 கிலோஜூல் வேண்டும். மணிக்கு 10 லிட்டருக்கு 0.64 யூனிட், நாளுக்கு 15, மாதத்துக்கு 460. நூல் தாரைக்கு இவ்வளவா என்று வியப்பு வருவது இயல்பு. பொதுவாகத் தண்ணீரைச் சூடாக்குவதற்கு ஆகும் ஆற்றலை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். வேறு எந்தச் சாதாரணப் பொருளைவிடவும் தண்ணீர் வெப்பத்தை அதிகமாக வாங்கிக்கொள்ளும்.

கசிவு பெரிதானால் தொட்டியின் சூட்டுச் சுருள் அணையாமல் ஓடும். 3 கிலோவாட் சுருள் என்றால் நாளுக்கு 72 யூனிட். அதற்குமேல் அதனால் எடுக்க முடியாது என்பதுதான் ஒரே எல்லை.

சொந்தக் கிணறு உள்ள வீட்டில் இன்னொரு அடுக்கும் சேர்கிறது. குழாயில் அழுத்தம் குறைந்தால் நீர்மூழ்கிப் பம்ப் தானாக ஓடி அழுத்தத்தை மீட்கும். பம்ப்போடு இணைந்த அழுத்தத் தொட்டிக்குள் காற்றுப்பை ஒன்று இருக்கும். அதனால் சிறு தேவைகளுக்கெல்லாம் பம்ப் ஓடவேண்டியதில்லை. அந்தப் பை கிழிந்து தொட்டியில் தண்ணீர் நிறைந்துவிட்டால், சொட்டுக் கசிவுக்கும் பம்ப் நிமிடத்துக்கு நிமிடம் ஓடி ஓடி நிற்கும். கிணற்றுக்குள் உள்ள ஒருவழித் தடுப்பு வால்வு பழுதானால் ஏற்றிய தண்ணீர் திரும்பக் கிணற்றுக்கே இறங்கும். வீட்டில் எங்கேயும் ஈரமே தெரியாது, பம்ப் மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும். நிலவறையில் ஊறும் நீரை வெளியேற்றும் பம்ப்பின் மிதவை எங்காவது சிக்கிக்கொண்டாலும் அது வறண்ட குழியில் நிற்காமல் ஓடி, இறுதியில் எரிந்துபோகும். பனி உருகும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இதற்கு வாய்ப்பு அதிகம்.

மண்ணுக்குள் போகும் மின்சாரம்

பூட்டிய வீட்டின் மின்கணக்கு உயர்வதற்கான காரணங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் மிக ஆபத்தானதும் இதுதான். வீட்டிலிருந்து படகுத்துறைக்கோ கொட்டகைக்கோ மண்ணில் புதைத்துக் கொண்டுபோகும் கேபிளின் உறை பாறையில் உரசியோ, மண்வெட்டி பட்டோ, எலி கடித்தோ கிழிந்தால், மின்னோட்டம் ஈரமண் வழியே பூமிக்குள் பாயும். வட அமெரிக்காவின் 120 வோல்ட் இணைப்பில் அந்தப் பாதையின் மின்தடை 40 ஓம் என்று கொண்டால் 3 ஆம்பியர் ஓடும். 15 ஆம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு பொருட்டே அல்ல, விழாது. ஆனால் 360 வாட் இரவுபகலாக மண்ணைச் சூடாக்கும். மீட்டர் அதை ஒரு விளக்கின் செலவைப் போலவே எண்ணி மாதம் 259 யூனிட்டைச் சேர்க்கும்.

கட்டணம் இங்கே இரண்டாம்பட்சம். ஏரியின் நன்னீர் மனித உடலைவிட மின்சாரத்தை மோசமாகக் கடத்துகிறது. அதனால் துறையருகே கசியும் மின்னோட்டம், அங்கே நீந்துபவரின் உடல் வழியே எளிதாகப் பாய்கிறது. தசைகள் செயலிழந்து, நீச்சல் தெரிந்தவரும் மூழ்கிவிடுகிறார். வட அமெரிக்க ஏரிகளில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. குளிர்காலக் கணக்கில் விளக்கமில்லாமல் சேரும் சில நூறு யூனிட் அத்தகைய கசிவின் முதல் அறிகுறியாக இருக்கலாம். கசிவு மின்னோட்டத்தைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி எல்லா வெளிப்புற இணைப்புகளிலும் இருந்தால், இந்தக் காரணம் கணக்கிலும் வராது, உயிரையும் குடிக்காது.

அணைந்தும் அணையாதவை

ஸ்விட்சை அணைத்தபின்னும் கொஞ்சம் மின்சாரம் எடுக்கும் கருவிகளைப் பற்றி நிறையப் பேசப்பட்டுவிட்டது. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பத்து வீடுகளை அளந்தபோது இப்படிப் போகும் திறன் சராசரியாக 67 வாட் என்று தெரிந்தது. மாதத்துக்கு 48 யூனிட். அதன்பின் கருவிகள் திருந்தியிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2013 முதல் பெரும்பாலான வீட்டுக் கருவிகளுக்கு அணைந்த நிலையில் அரை வாட் என்ற எல்லையை வைத்தது. மறுபுறம் இணைய மோடம், கண்காணிப்புக் கேமரா, எச்சரிக்கை மணி எனப் பூட்டிய வீட்டுக்கென்றே வாங்கிய கருவிகள் கூடியுள்ளன. எல்லாம் சேர்த்தாலும் இவை பத்துகளில் வரும் யூனிட். ஆயிரங்களில் வரும் கணக்குக்கு இவற்றைக் குற்றம்சாட்டுவதில் பயனில்லை. காலியான குளிர்பதனப் பெட்டியும் இந்த வரிசையில்தான் சேரும்: நாளுக்கு ஒரு யூனிட் அளவில்.

வெப்பநாட்டில் பூட்டிய வீடு

ஃபுளோரிடாவில் குளிர்காலம் கழித்துவிட்டு மே மாதம் வடக்கே திரும்புபவர்களுக்கு எதிரி உறைபனி அல்ல, ஈரம். காற்றின் ஈரப்பதம் வாரக்கணக்கில் 70 சதவீதத்துக்கு மேல் நின்றால் சுவரிலும் துணியிலும் பூஞ்சை பிடிக்கும். அதனால் குளிர்சாதனத்தை 27, 28 டிகிரியில் வைத்து, ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும்படி விட்டுச் செல்கிறார்கள். ஈரக் கட்டுப்பாட்டை 50-க்கு இறக்கிவைத்தவர் வீட்டில் எந்திரம் நாள் முழுக்க ஓடும். மச்சின் வழியே போகும் காற்றுக்குழாயில் விரிசல் இருந்தால், வெளி ஈரக்காற்றை வீடு உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எந்திரம் அதை உலர்த்திக்கொண்டே இருக்கும். குளிர்சாதனத்தின் விசிறியைத் 'தானியங்கி' நிலையில் வைக்காமல் நிரந்தரமாக ஓடவிட்டால், குளிர்ந்த சுருளில் படிந்த நீர் மீண்டும் ஆவியாகி வீட்டுக்குள்ளேயே திரும்பும்.

இவற்றைவிட விசித்திரமான பழுது ஒன்று உண்டு. அங்கே ஒரே எந்திரத்தில் குளிரூட்டியும், குளிர்காலத்துக்கான மின்சூட்டுச் சுருளும் சேர்ந்திருக்கும். சுருளை இயக்கும் ரிலே ஒட்டிக்கொண்டுவிட்டால், குளிரூட்டி குளிர்விக்கும்போதே 5 கிலோவாட் சுருள் அதே காற்றைச் சூடாக்கும். இரண்டும் ஒன்றையொன்று தோற்கடிக்க முயன்று ஓய்வின்றி ஓடும். சுருளுக்கு மட்டுமே நாளுக்கு 120 யூனிட். வீட்டின் வெப்பநிலை ஏறக்குறையச் சரியாகவே இருப்பதால், அண்டைவீட்டார் எட்டிப்பார்த்தாலும் ஒன்றும் புலப்படாது.

தமிழ்நாட்டில் வெளியூர், வெளிநாடு போனவர்கள் பூட்டிவைக்கும் வீடுகளில் சூட்டுச் செலவும் இல்லை, குளிர்சாதனம் ஓடுவதும் இல்லை. அங்கே சந்தேகிக்கவேண்டியது மாடித் தொட்டி. கழிவறை ஃபிளஷ் தொட்டியில் கசிவு இருந்து, மாடித் தொட்டியில் தானியங்கி மோட்டார் கட்டுப்பாடும் இருந்தால், கீழே ஒழுகும் தண்ணீரை மோட்டார் ஏற்றிக்கொண்டே இருக்கும். 1 கிலோவாட் எடுக்கும் மோட்டார் நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 120 யூனிட். இருமாதக் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட் அதிலேயே தீர்ந்துவிடும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு இடைவிடாமல் ஏறும் சார்ஜும், அணைக்க மறந்த ஃபிரிட்ஜும் மீதியைக் கொண்டுவரும்.

மீட்டரும் கட்டணச் சீட்டும்

சில நேரம் வீட்டில் எதுவும் ஓடியிருக்காது. கோளாறு காகிதத்தில் இருக்கும். குளிர்காலத்தில் பனி மூடிய பாதையில் மீட்டர் கணக்கெடுக்க ஆள் போவதில்லை. தொலைத்தொடர்பு அலை எட்டாத இடத்தில் ஸ்மார்ட் மீட்டரும் பேசாது. அப்போது நிறுவனம் மதிப்பீட்டில் கட்டணம் போடும். மதிப்பீடு உண்மையைவிடக் குறைவாக இருந்துவிட்டால், நேரில் எடுத்த முதல் கணக்கில் பல மாத நிலுவை மொத்தமாக வந்து விழும். அதிகமாக மதிப்பிட்டிருந்தால் பயன்படுத்தாததற்குப் பணம் கட்ட நேரும். தமிழ்நாட்டிலும் வீடு பூட்டியிருந்து மீட்டரைப் பார்க்க முடியாவிட்டால் முந்தைய பயன்பாட்டுச் சராசரியில் கணக்குப் போடுகிறார்கள். ஒன்டாரியோவில் ஹைட்ரோ ஒன் என்ற மின் நிறுவனம் 2013-இல் புதிய கணினிமுறைக்கு மாறியபின் கிளம்பிய கட்டணக் குழப்பம் பற்றி அம்மாகாணத்தின் குறைதீர்ப்பாளர் ஆந்த்ரே மரான் விசாரித்து 2015-இல் அறிக்கை வெளியிட்டார். அவரிடம் வந்து சேர்ந்த புகார்கள் 10,000-க்கும் மேல். ஆகவே கட்டணச் சீட்டில் முதலில் பார்க்கவேண்டியது தொகையை அல்ல. கணக்கு 'எடுத்ததா', 'மதிப்பிட்டதா' என்ற குறிப்பை.

பயன்பாடு பூச்சியமானாலும் கட்டணம் பூச்சியமாகாது என்பதும் பலருக்கு எதிர்பாராத செய்தி. கம்பியும் கம்பமும் மின்மாற்றியும் ஆண்டு முழுக்க அங்கே நிற்கவேண்டும். அதனால் வீடுகளுக்கான வினியோகக் கட்டணத்தைப் படிப்படியாக முழுதும் நிலையான மாதத் தொகையாக மாற்ற ஒன்டாரியோ எரிசக்தி வாரியம் 2015-இல் முடிவெடுத்தது. விலையும் தனியே ஏறும். தெற்கு நார்வேயில் 2021 இறுதியில் மின்விலை முன்னெப்போதும் இல்லாத உயரத்துக்குப் போனபோது அரசு வீடுகளுக்கு மின்கட்டண உதவி வழங்கியது. விடுமுறைக் குடில்களை அதில் சேர்க்கவில்லை. முந்தைய ஆண்டு அளவே யூனிட் ஓடியும் குடில்காரர்களின் கட்டணம் பன்மடங்கானது அப்படித்தான். எனவே யூனிட் கூடியதா, விலை கூடியதா என்பதைப் பிரித்துப் பார்க்காமல் ஹீட்டரைச் சந்தேகிப்பது வீண் வேலை.

மீட்டரே தவறாக ஓடுமா? பழைய சுழல்தட்டு மீட்டர்கள் தேய்ந்தால் பொதுவாக மெதுவாகும், வேகமாவதில்லை. மின்னணு மீட்டர்கள் பற்றி நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் 2017-இல் வெளியிட்ட சோதனை பரபரப்பை உண்டாக்கியது. மங்கலாக்கும் ஸ்விட்சில் இணைத்த எல்.இ.டி. விளக்குகளைப் போல அலைவடிவத்தைச் சிதைக்கும் சுமைகளைக் கொடுத்தபோது, ஒன்பது மீட்டர்களில் ஐந்து கூடுதலாகக் காட்டின. மிக மோசமானதில் பிழை 582 சதவீதம். ஆனால் அது ஆய்வகத்தில் வேண்டுமென்றே அமைத்த கடுமையான நிலை. சுவர் ஹீட்டர், வெந்நீர்த் தொட்டி போன்ற எளிய சுமைகள் மட்டும் ஓடும் பூட்டிய வீட்டில் மீட்டரைக் குற்றவாளியாக்குவது கடைசி வாய்ப்பாகவே இருக்கவேண்டும்.

மணிக்கணக்கின் வடிவம்

காரணத்தைக் கண்டுபிடிக்க மிகச் சிறந்த ஆதாரம் மணிவாரிப் பயன்பாட்டு வரைபடம். ஸ்மார்ட் மீட்டர் உள்ள இடங்களில் நிறுவனங்களே இதை வாடிக்கையாளருக்குக் காட்டுகின்றன. ஒவ்வொரு கருவியும் மொத்த மின்னோட்டத்தில் தனக்கே உரிய தடத்தை விடுகிறது. ஒரே மீட்டரை வைத்து அவற்றைப் பிரித்தறிய முடியும் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜார்ஜ் ஹார்ட் 1980-களிலேயே காட்டினார். அவருடைய கணிதம் இல்லாமலே, வெறுங்கண்ணால் பூட்டிய வீட்டின் வரைபடத்தை வாசிக்கலாம். ஆட்களின் நடமாட்டம் கலக்காததால் அது ஆள் வாழும் வீட்டின் வரைபடத்தைவிடத் தெளிவானது.

இரவில் ஏறி நண்பகலில் இறங்கி, குளிர்ந்த நாட்களில் மொத்தமாக உயர்ந்தால் அது அறை ஹீட்டர். அன்றைய வெப்பநிலையோடு பொருத்தினாலே தெரியும். வெயிலும் குளிரும் பாராமல் நேர்கோடாக நின்றால் பழைய சூட்டுக் கம்பி, படகுத்துறை மோட்டார், மண்ணுக்குள் கசிவு ஆகியவற்றில் ஒன்று. மழை பெய்த நாளில் அந்தக் கோடு ஏறினால் மண்கசிவுக்கான ஐயம் வலுப்படும். சீரான இடைவெளியில் முட்களாக எழுந்தால் பம்ப். ஒரு குறிப்பிட்ட தேதியில், குறிப்பிட்ட மணியில் படிபோல ஏறி அப்படியே நின்றுவிட்டால், அன்று ஏதோ உடைந்தது என்று பொருள். முந்தைய இரவு மைனஸ் 25 ஆக இருந்திருந்தால் உடைந்தது குழாயாக இருக்க வாய்ப்பு மிகுதி. அடுத்த மணியே யாரையாவது அனுப்பித் தண்ணீரை மூடச்சொல்வது நல்லது.

வரைபடம் இல்லாத இடத்தில் மீட்டரின் சிறு சிவப்பு விளக்கு போதும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 1,000 என்றிருந்து, 6 வினாடிக்கு ஒருமுறை மினுக்கினால் அந்தக் கணம் 600 வாட் ஓடுகிறது. முதன்மை ஸ்விட்சை அணைத்தபின்னும் மினுக்கினால் கோளாறு மீட்டரிலோ, மீட்டருக்கும் ஸ்விட்சுக்கும் நடுவிலோ இருக்கிறது. யாரோ கொக்கி போட்டிருக்கவும் கூடும். நின்றுவிட்டால், பிரேக்கர்களை ஒவ்வொன்றாக ஏற்றி எந்தக் கிளையில் மினுக்கு வேகமெடுக்கிறது என்று பார்க்கலாம். தெர்மோஸ்டாட்டில் ஓடும் கருவிகள் அந்தக் கணத்தில் ஓய்வில் இருக்கக்கூடும் என்பதால், ஒவ்வொரு கிளைக்கும் அரைமணி நேரமாவது பொறுக்கவேண்டும்.

முழுதாக அடைப்பது

காரணம் எதுவானாலும் குளிர்நாட்டுக் கோடை வீட்டுக்கு நிலையான தீர்வு ஒன்றுதான்: உறைவதற்குத் தண்ணீரே இல்லாமல் செய்வது. பம்ப்பை நிறுத்தி, வெந்நீர்த் தொட்டியின் மின்சாரத்தை முதலில் துண்டித்து, பிறகு தொட்டியையும் அழுத்தத் தொட்டியையும் வடித்து, குழாய்களில் காற்றை ஊதி மிச்ச நீரையும் வெளியேற்றுகிறார்கள். வரிசை மாறக்கூடாது, தண்ணீரில்லாத தொட்டியில் சூட்டுச் சுருள் ஓடினால் நிமிடங்களில் எரிந்துவிடும். வடிகால் வளைவுகளில் தேங்கும் நீரை வடிக்க முடியாது. அங்கே நச்சுத்தன்மை குறைந்த புரோப்பிலீன் கிளைக்கால் என்ற உறைதடுப்பானை ஊற்றுகிறார்கள். கார் எந்திரத்துக்கான எத்திலீன் கிளைக்கால் விஷம்; அதை வீட்டுக் குழாயில் ஊற்றக்கூடாது.

இவ்வளவும் செய்தபின் முதன்மை ஸ்விட்சையே அணைத்துவிடலாம். எச்சரிக்கை மணிக்கோ நிலவறைப் பம்ப்புக்கோ மின்சாரம் தேவைப்படும் வீடுகளில் அந்தக் கிளையை மட்டும் விட்டுவைக்கலாம். அரைநாள் வேலை, நம் எடுத்துக்காட்டு வீட்டில் அது ஜனவரியில் மட்டும் 1,836 யூனிட்டை மிச்சப்படுத்தும். புறப்படும் நாளில் மீட்டர் எண்ணைத் தேதியோடு புகைப்படம் எடுத்துவைத்தால், வசந்தத்தில் வரும் கட்டணச் சீட்டைச் சரிபார்க்க வேறு சாட்சி தேவையில்லை.